டப்ளினை ஆண்ட பட்டுத்தாடி மன்னன்

மாணவச் செல்வங்களே, வார நாட்களில் நீங்கள் செல்லும் ஆங்கிலப் பாடசாலையில் வைக்கிங்கர் எனப்படும் வடபுலத்துக் கடலோடிகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நீண்ட கப்பல், கோடரி, தீயில் எரியும் மடாலயம், கொம்பு வைத்த தலைக்கவசம் என ஒரு சித்திரம் உங்கள் மனத்தில் பதிந்திருக்கும். கொம்பை மட்டும் உடனே அகற்றிவிடுங்கள். வைக்கிங்கர் கொம்பு வைத்த கவசம் அணிந்து போரிட்டமைக்குச் சான்று எதுவுமில்லை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்களும் இசைநாடக மேடையினரும் சூட்டிய கொம்பு.

அயர்லாந்தைப் பற்றிய எளிய நூல்களில் இன்னொரு வாக்கியத்தையும் காணலாம். பெருவேந்தன் பிரையன் பொரு 1014ஆம் ஆண்டில் வைக்கிங்கரைப் போரில் வென்று நாட்டைவிட்டுத் துரத்தினான் என்பது அவ்வாக்கியம். முன்னொரு காலத்தில் ஊரிலே வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், இத்தகைய வாக்கியங்களைக் கண்டால் சற்று நின்று படிப்பது என் வழக்கம். துரத்தப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த வைக்கிங்கரின் அரசன், அப்போருக்குப் பின்னரும் 22 ஆண்டுகள் அதே நகரில், அதே அரியணையில் வீற்றிருந்தான். சிற்றிக் என்பது அவன் பெயர். பட்டுப் போன்ற தாடி உடையவன் என்று வடபுலத்தார் அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் இட்டு வழங்கினர். ஏறத்தாழ 989 முதல் 1036 வரை, இடையே ஒரு சிறு இடைவெளி தவிர, டப்ளினை ஆண்டவன் அவன். ஈடுபட்ட போர்களுள் பெரும்பாலானவற்றில் தோற்றவனும் அவனே. தோற்றுக்கொண்டே இருந்த ஒருவன் இத்தனை ஆண்டுகள் எவ்வாறு ஆண்டான் என்பது ஆராயத்தக்க வினா அல்லவா?

முதலில் நகரைப் பார்ப்போம். வடபுலத்தார் அயர்லாந்துக் கரைகளைக் கொள்ளையிடத் தொடங்கியது 795ஆம் ஆண்டில். 841ஆம் ஆண்டில் லிஃபி ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே, பொடில் என்னும் சிற்றாறு வந்து கலக்கும் இடத்தில், கப்பல்களை இழுத்து நிறுத்தி ஒரு பாளையம் அமைத்தனர். அங்கே கரிய நீர் தேங்கிய ஒரு குளம் இருந்தது. ஐரிஷ் மொழியில் ‘டுவ் லின்’ என்றால் கருங்குளம். டப்ளின் என்ற பெயர் அவ்வாறு வந்ததே. 902இல் ஐரிஷ் அரசர்கள் அவர்களை விரட்டினர். 917இல் அவர்கள் மீண்டும் வந்தனர். மீண்டு வந்தவர்கள் வேலியிட்ட காணிகளும் வீடுகளும் வீதிகளும் கொண்ட ஊராக அதனை வளர்த்தனர். அங்கே விற்பனையான பண்டங்களுள் மனிதரும் அடங்குவர். சுற்றுப்புறங்களில் பிடிக்கப்பட்ட ஐரிஷ் மக்களும், கடலுக்கு அப்பால் பிரித்தானியக் கரைகளில் பிடிக்கப்பட்டோரும் அடிமைகளாக அங்கிருந்து கப்பலேற்றப்பட்டனர். டப்ளினின் செல்வத்தைப் பற்றிப் பேசும்போது இதனை விட்டுவிட்டுப் பேசுவது முறையாகாது.

சிற்றிக்கின் தந்தை ஒலாவ், டப்ளினையும் இங்கிலாந்தின் யோர்க் நகரையும் வெவ்வேறு காலங்களில் ஆண்டவன். 943இல் இங்கிலாந்தின் எட்மண்ட் மன்னன் ஞானத்தந்தையாக நிற்கத் திருமுழுக்குப் பெற்றவன். வடபுலத்து இரத்தம் உடைய இவனை ஐரிஷ் மக்கள் ‘குவாரன்’ என்று அழைத்தனர். ஐரிஷ் மொழியில் அதன் பொருள் செருப்பு. ஏன் அப்பெயர் வந்தது என்பதைப் பற்றி அறிஞர்கள் பலவாறு கூறுவர். நமக்கு வேண்டியது, ஒரு வைக்கிங் அரசனுக்கு உள்ளூர் மொழியிலே பட்டப்பெயர் வழங்கும் அளவுக்கு அவன் அம்மக்களோடு கலந்திருந்தான் என்பதே. சிற்றிக்கின் தாய் கோர்ம்லா, லென்ஸ்டர் என்னும் ஐரிஷ் அரசின் இளவரசி. ஆகவே நம் கதாநாயகன் தந்தை வழியால் வடபுலத்தான், தாய் வழியால் ஐரிஷ்காரன். இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், பின்னர் தேவைப்படும்.

980இல் தாரா என்ற இடத்தில் நடந்த பெரும்போரில், மீத் நாட்டின் அரசன் மேல் செக்னல் டப்ளின் படையை முறியடித்தான். வென்றவன் டப்ளினில் அடிமைப்பட்டிருந்த ஐரிஷ் மக்கள் அனைவரும் தத்தம் ஊர்களுக்குச் செல்லலாம் என்று அறிவித்தான். முதியவனான ஒலாவ் அரசைத் துறந்து, அயோனாத் தீவின் மடாலயத்துக்குச் சென்று அங்கேயே காலமானான். அவனுக்குப்பின் ஆண்ட சிற்றிக்கின் மாற்றாந்தாய்ச் சகோதரன் 989இல் குடிபோதையில் இருந்தபோது தன் அடிமை ஒருவனாலேயே கொல்லப்பட்டான். சிற்றிக் அரியணை ஏறியது இவ்வாறே.

அதே 989ஆம் ஆண்டில் மேல் செக்னல் மீண்டும் வந்து டப்ளினை இருபது இரவுகள் முற்றுகையிட்டான். உள்ளே இருந்தவர்களுக்கு உப்புநீரைத் தவிரக் குடிக்க வேறு நீர் இருக்கவில்லை என்று துறவிகள் எழுதிவைத்த ஆண்டுக்குறிப்பேடுகள் தெரிவிக்கின்றன. முற்றுகையின் உள்ளே அகப்பட்டிருந்தவர்களுக்கு நீரின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. இறுதியில் நகரம் பணிந்தது. ஒவ்வொரு வீட்டுக் காணிக்கும் ஓர் அவுன்ஸ் பொன், ஒவ்வொரு நத்தார் இரவிலும் செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. அடுத்து வோட்டர்போர்ட் நகரின் ஐவர் என்பவன் சிற்றிக்கைச் சிறிது காலம் வெளியேற்றினான். சிற்றிக் திரும்பி வந்தான். 995இல் மேல் செக்னல் மறுபடியும் வந்து, டப்ளின் அரசர்களின் அரும்பொருட்களான தோர் தெய்வத்தின் வளையத்தையும் கார்லஸின் வாள் எனப்பட்ட வாளையும் பறித்துச் சென்றான். ஆட்சியின் முதல் ஆறு ஆண்டுகளின் நிலைமை இது.

இதனிடையே சிற்றிக் செய்த ஒரு செயலே, என் கருத்தில், அவன் செய்த அனைத்திலும் நீடித்தது. ஏறத்தாழ 997ஆம் ஆண்டில் அவன் வெள்ளி நாணயம் அச்சிட்டான். அயர்லாந்து மண்ணில் அச்சிடப்பட்ட முதல் நாணயம் அதுவே. அதுவரை ஐரிஷ் மக்கள் செல்வத்தைப் பசுக்களால் எண்ணினர். வடபுலத்து வணிகர்களோ வெள்ளி வளையங்களையும் கட்டிகளையும் வெட்டித் துண்டாக்கித் தராசில் ஈய எடைக்கற்களை வைத்து நிறுத்துக் கொடுத்தனர். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் வெள்ளி தூயதா, நிறை சரியா என்ற ஐயம் எழும். ஓர் அரசனின் பெயர் பொறித்த, ஒரே அளவான காசு கையில் இருந்தால் அந்த ஐயம் பெரிதும் குறையும். சிற்றிக் புதிதாக ஒரு வடிவத்தைக் கற்பனை செய்யவில்லை. இங்கிலாந்தின் எதெல்ரெட் மன்னனின் பென்னியை அப்படியே பார்த்து அடிக்கச் செய்தான். ஒருபுறம் அரசனின் தலை, மறுபுறம் சிலுவை. எதெல்ரெட்டின் பெயர் இருந்த இடத்தில், சிற்றிக் டப்ளினின் அரசன் என்று இலத்தீன் எழுத்துக்களில் பொறித்தனர். சில காசுகளில் எதெல்ரெட்டின் பெயரையே மாற்றாமல் விட்டுவிட்டனர். இங்கிலாந்தின் காசு எங்கும் செல்லுபடியாகியது. அதனைப் போலவே தோன்றும் காசும் செல்லுபடியாகும் அல்லவா? இதனைப் போலி என்று இகழ்வாரும் உளர். நான் வணிகனின் கூரறிவு என்பேன்.

இனி பிரையன் பொரு வருகிறான். தெற்கே மன்ஸ்டரின் அரசனான பிரையன், 997இல் மேல் செக்னலோடு உடன்பட்டு அயர்லாந்தை இரு கூறாக்கிக்கொண்டான். டப்ளினும் லென்ஸ்டரும் பிரையனின் பங்குக்குப் போயின. அவ்வாறு பங்கிடப்படுவதை அவ்விரு நாட்டாரும் விரும்பவில்லை. 999இன் இறுதியில் சிற்றிக்கும் லென்ஸ்டர் படையும் கிளர்ந்தெழுந்தனர். கிளென்மாமா என்ற இடத்தில் படுதோல்வியடைந்தனர். பிரையன் டப்ளினுக்குள் நுழைந்து, நகரைச் சூறையாடி, தோர் தெய்வத்துக்குரிய சோலையையும் எரித்தான்.

சிற்றிக் வடக்கே ஓடினான். அல்ஸ்டர்ப் பகுதியின் அரசர்களிடம் அடைக்கலம் கேட்டான். ஒருவர் மறுத்தார், அடுத்தவரும் மறுத்தார். புகலிடம் இல்லாத அரசன் வேறு வழியின்றித் திரும்பி வந்து பிரையனிடம் பணிந்தான். பிரையன் அவனைக் கொல்லவில்லை, சிறையிடவுமில்லை. நகரை அவனிடமே திருப்பிக் கொடுத்து, தன் மகள் ஸ்லானியையும் அவனுக்கு மணமுடித்து வைத்தான். அதனோடு நிற்கவில்லை, சிற்றிக்கின் தாய் கோர்ம்லாவைத் தானே மனைவியாக்கிக்கொண்டான்! ஆகவே பிரையன், சிற்றிக்குக்கு ஒரே காலத்தில் மாமனாரும் மாற்றாந்தந்தையும் ஆனான். டப்ளினின் வருமானமும் கப்பல்களும் தன் பேரரசுக்கு வேண்டும் என்பதைப் பிரையன் அறிந்திருந்தான். எரித்த நகரிலிருந்து திறை வராது. தனக்குக் கதவடைத்த அல்ஸ்டர் அரசனைச் சிற்றிக்கும் மறக்கவில்லை. 1002இல் கப்பல் படையோடு சென்று அவனது கரையைக் கொள்ளையிட்டு, மக்களைச் சிறைப்பிடித்து வந்தான்.

இக்காலத்தைச் சேர்ந்ததாக ஓர் இனிய கதை ஐஸ்லாந்துக்காரரின் ‘சாகா’ எனப்படும் பழைய உரைநடைக் கதைகளுள் ஒன்றில் உண்டு. குன்லவுக் என்னும் இளம் புலவன் டப்ளினுக்கு வந்து சிற்றிக்கின் புகழ் பாடினான். அதுவரை எவரும் தன்மீது பாட்டுக் கொண்டு வந்ததில்லை என்று அரசன் மகிழ்ந்தான். என்ன பரிசில் கொடுப்பது என்று தெரியவில்லை. தன் பொருளாளனை அழைத்து, இரண்டு வணிகக் கப்பல்களைக் கொடுத்தால் பொருந்துமா என்று கேட்டான். பொருளாளன் திடுக்கிட்டு, மற்ற அரசர்கள் வாளோ பொன்வளையமோ கொடுப்பதே வழக்கம் என்று தடுத்தான். இறுதியில் அரசன் தான் அணிந்த செந்நிற ஆடையையும், பூவேலை செய்த அங்கியையும், விலங்கின் மென்மயிர் பதித்த போர்வையையும், பொன்வளையம் ஒன்றையும் கொடுத்தான். கதை மெய்யோ பொய்யோ, பாட்டுக்குக் கப்பல் கொடுக்க நினைத்த ஓர் அரசன் என்ற அளவில் எனக்கு அவன்மீது ஓர் அன்பு உண்டு.

பன்னிரண்டு ஆண்டுகள் இந்த உறவு ஒருவாறு நிலைத்தது. பின்னர் லென்ஸ்டரின் அரசன் மேல் மோர்டா பிரையனுக்கு எதிராக எழுந்தான். (பெயர் ஒத்திருந்தாலும் இவன் வேறு, மீத்தின் மேல் செக்னல் வேறு.) மேல் மோர்டா யார்? கோர்ம்லாவின் உடன்பிறந்தவன், சிற்றிக்கின் தாய்மாமன். மாமனார் ஒருபுறம், தாய்மாமன் மறுபுறம். சிற்றிக் தாய்மாமனோடு நின்றான். 1013 இலையுதிர்காலத்திலிருந்து நத்தார் வரை பிரையன் டப்ளினை முற்றுகையிட்டான், நகரம் விழவில்லை. உணவு தீர்ந்து அவன் திரும்பியபோது, இளவேனிலில் மீண்டும் வருவான் என்பது யாவருக்கும் தெரிந்திருந்தது. சிற்றிக் கடல் கடந்து துணை தேடினான். ஓர்க்னித் தீவுகளின் தலைவன் சிகூர்ட்டையும், மான் தீவிலிருந்து புரோடர் என்பவனையும் அழைத்தான். இருவருக்குமே தன் தாயை மணமுடித்து அயர்லாந்தின் ஆட்சியையும் தருவதாக, ஒருவருக்குத் தெரியாமல் மற்றவருக்கு வாக்களித்தான் என்று ஐஸ்லாந்துச் சாகா கூறுகிறது. குருத்து ஞாயிறுக்குள் கப்பல்கள் வந்து சேர்ந்தன.

1014 ஏப்பிரல் 23, பெரிய வெள்ளிக்கிழமை. டப்ளினுக்குக் கிழக்கே குளொன்டார்ப் என்னும் கரையோரப் புல்வெளியில் படைகள் மோதின. பொழுது விடிந்ததிலிருந்து மாலைவரை சண்டை நடந்தது. பிற்பகலில் வடபுலத்தாரும் லென்ஸ்டர் படையும் தளர்ந்து கப்பல்களை நோக்கி ஓடியபோது, கடல் பெருகிக் கப்பல்களுக்குச் செல்லும் வழியை மூடிவிட்டது. அன்று காலையும் மாலையும் கடல் நிறைந்திருந்தது என்று பிற்காலத்து ஐரிஷ் நூல் ஒன்று சொல்கிறது. இது உண்மையா எனச் சோதிக்க 1860களில் டப்ளின் டிரினிற்றிக் கல்லூரிப் பேராசிரியர் சாமுவேல் ஹோட்டனிடம் கேட்டனர். அவர் சந்திரனின் ஓட்டத்தைக் கொண்டு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கி வற்றுப்பெருக்கைக் கணக்கிட்டார். காலை 5.30 மணி, மாலை 5.55 மணி என விடை வந்தது. நூல் சொன்னது சரியே. கணிதம் படிக்க அலுத்துக்கொள்ளும் பிள்ளைகள் இதனைக் கவனிக்க.

மேல் மோர்டா மாண்டான். சிகூர்ட் மாண்டான். டப்ளின் படையை நடத்திச் சென்ற சிற்றிக்கின் சகோதரன் டுவ்கல் மாண்டான். வென்ற பக்கத்திலும் பிரையனின் மகன் மர்க்காட் வீழ்ந்தான். பேரன் ஒருவன், ஓடியவர்களைத் துரத்திச் சென்ற இடத்தில், மீன்பிடிக்க ஆற்றில் இட்டிருந்த தடுப்பருகே நீரில் மூழ்கி இறந்தான். எழுபது வயதைக் கடந்த பிரையன் களத்தில் இறங்காமல் பின்னே தங்கியிருந்தான். தப்பியோடிய புரோடர் அவனைக் கண்டு வெட்டிக் கொன்றான்.

சிற்றிக் எங்கே? நகரின் மதிலுக்குள். தோற்றால் நகரைக் காப்பதற்கு ஒரு படை உள்ளே இருக்க வேண்டுமென அவன் வெளியே வரவில்லை. மதில்மேல் நின்று மனைவி ஸ்லானியோடு போரைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்கிறது மேற்சொன்ன ஐரிஷ் நூல். காலையில் தன் பக்கத்தார் எதிரிகளை அறுவடை செய்வதாக அவன் பெருமை பேசினானாம். மாலையில் அவர்கள் கடலை நோக்கி ஓடியபோது, வெயிலில் ஈ கடித்த மாடுகள் ஓடுவது போலிருக்கிறதே என்று அவள் சொன்னாளாம். அவன் அவளை அடித்து ஒரு பல்லை உடைத்தானாம். அவளுடைய தந்தையும் தமையனும் அன்று அந்தக் களத்தில் இறந்துகொண்டிருந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆனால் இந்நூலை எழுதுவித்தோர் யார் என்பதையும் எண்ண வேண்டும். போர் நடந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின், பிரையனின் வழித்தோன்றல்களின் புகழுக்காக எழுதப்பட்டது அது. அதில் பிரையன் நாட்டையும் சமயத்தையும் காத்த வீரன். வடபுலத்தார் அனைவரும் கொடியோர். சிற்றிக் மனைவியை அடிக்கும் கோழை.

அந்தக் களத்தில் உண்மையில் நின்றவர்களைக் கணக்கெடுத்தால் கதை மாறுகிறது. ஒருபுறம் ஐரிஷ் மக்கள், மறுபுறம் அந்நியர் என்று அப்படை பிரியவில்லை. லென்ஸ்டரின் ஐரிஷ் படை டப்ளின் பக்கம் நின்றது. பிரையனின் பக்கத்தில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த தலைவனும் ஒருவன் இறந்தான். அயர்லாந்தின் வடபகுதி அரசர்கள் எவர் பக்கமும் வரவில்லை. ஓர் ஐரிஷ் பேரரசனுக்கும், அவனுக்குக் கீழ்ப்படிய விரும்பாத ஓர் ஐரிஷ் அரசனுக்கும் இடையே நடந்த போரில் வடபுலத்தார் ஒரு பக்கத்தில் சேர்ந்துகொண்டனர் என்பதே பொருத்தம். ஆயினும் பழைய கதையின் வலிமை பெரிது. 1843இல் அயர்லாந்தின் உரிமைக்காகப் போராடிய டானியல் ஓ’கோனல், தம் மாபெரும் பொதுக்கூட்டத்துக்குத் தேர்ந்த இடம் இதே குளொன்டார்ப்தான். அரசாங்கம் அதனைத் தடை செய்தது. இரத்தக்களரியைத் தவிர்க்க அவரும் கூட்டத்தைக் கைவிட்டார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு போர்க்களத்தின் பெயரைக் கேட்டே ஓர் அரசாங்கம் அஞ்சியது.

போர் முடிந்தது. டப்ளின் எவர் கையிலும் விழவில்லை. தலைமை இழந்த மன்ஸ்டர் படை வீடு திரும்பியது. மேல் செக்னல் மீண்டும் பெருவேந்தனாகி 1022இல் இறக்கும்வரை ஆண்டான். சிற்றிக் தன் நகரில் இருந்தான். முன்னிலும் பலவீனனாக இருந்தான். பலவீனம் அவனைக் கொடியவனும் ஆக்கியது. 1018இல் தன் மைத்துனன் பிரானை, அதாவது தனக்காகக் களத்தில் மாண்ட தாய்மாமன் மேல் மோர்டாவின் மகனை, டப்ளினில் வைத்துக் கண்களைக் குருடாக்கினான். கண்ணிழந்தவன் அரசாள முடியாது என்பது அக்கால வழக்கு. அந்தப் பிரான் பின்னர் ஜேர்மனியின் கொலோன் நகரத்து மடாலயம் ஒன்றில் 1052இல் இறந்தான்.

1028இல் சிற்றிக், அயல்நாடான பிரேகாவின் ஐரிஷ் அரசனோடு சேர்ந்து உரோமாபுரிக்கு யாத்திரை சென்றான். முந்திய ஆண்டில் இங்கிலாந்தையும் டென்மார்க்கையும் ஆண்ட கனூட் மன்னன் அங்கு சென்று வந்திருந்தான். மடாலயங்களைக் கொள்ளையிட்டவர்களின் பரம்பரை போப்பரசரின் நகருக்குக் கால்நடையாகச் செல்லும் காலம் வந்துவிட்டது. திரும்பி வந்தபின், ஏறத்தாழ 1030இல், நகரின் மேட்டில் ஒரு பேராலயம் எழ நிலமும் பொருளும் கொடுத்தான். இன்றைய கிறைஸ்ட் சேர்ச் பேராலயத்தின் தொடக்கம் அதுவே. அதன் முதல் ஆயர் டூனான் என்பவர், 1074வரை வாழ்ந்தார். இப்பொழுது அங்கே நிற்கும் கற்கட்டடம் பிற்காலத்தது.

இதற்கிடையே 1029இல் சிற்றிக்கின் மகன் ஒலாவை, பிரேகாவின் புதிய அரசன் சிறைபிடித்தான். மீட்புப்பொருளாகக் கேட்கப்பட்டவற்றை ஆண்டுக்குறிப்பேடு வரிசையாகத் தருகிறது: 1,200 பசுக்கள், 120 பிரித்தானியக் குதிரைகள், 60 அவுன்ஸ் பொன், 60 அவுன்ஸ் வெள்ளி, எவ்வாறோ டப்ளினுக்கு மீண்டு வந்திருந்த அந்தக் கார்லஸின் வாள், இவற்றோடு பிணையாட்கள். பேசித் தீர்த்து வைத்தமைக்கு வேறாக 80 பசுக்கள்! பசுவால் எண்ணும் உலகமும் வெள்ளியால் எண்ணும் உலகமும் ஒரே பட்டியலில் இடம்பெற்றிருப்பதைக் காணலாம். தந்தை அனைத்தையும் கொடுத்தான். ஐந்து ஆண்டுகளின் பின், 1034இல், அதே மகன் உரோமாபுரிக்குச் செல்லும் வழியில் இங்கிலாந்தில் கொல்லப்பட்டான்.

பேராலயம் கண்டவன் என்று சிற்றிக்கை வாழ்த்தி நிறுத்திவிட முடியாது. 1031ஆம் ஆண்டுக்குரிய குறிப்பு ஒன்று உண்டு. டப்ளின் படை மீத் நாட்டின் ஆர்ட்பிரக்கன் என்ற ஊரைத் தாக்கியது. அங்கிருந்த கற்கோயிலுக்குள் இருநூறு பேர் எரிக்கப்பட்டனர். இருநூறு பேர் சிறைப்பிடித்துச் செல்லப்பட்டனர். தஞ்சம் என்று நம்பி மக்கள் கூடும் இடம் கோயில். குறிப்பேட்டில் இதற்கு ஒதுக்கப்பட்டவை ஓரிரு வரிகளே. எவருடைய பெயரும் அங்கில்லை. உரோமாபுரிக்குச் சென்று வந்து மூன்றே ஆண்டுகள், தன் நகரில் ஆலயத்துக்குக் கால்கோள் இட்டு ஏறத்தாழ ஓர் ஆண்டு. சிற்றிக்கைப் பற்றிப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நான் இவ்வரிகளில் தடைப்படுகிறேன். அவனுடைய நாணயத்தைப் புகழும்போதும் இவை என் முன்னே நிற்கின்றன.

1036இல் மேற்குத் தீவுகளோடு தொடர்புடைய எக்மார்க்கா என்பவன் டப்ளினைக் கைப்பற்றினான். சிற்றிக் கடல் கடந்து சென்றான். 1042இல் தன் நாட்டுக்கு வெளியே இறந்தான். கன்னியர் மடத்தில் இருந்த அவன் மகள் கெல்லாக்கும் அதே ஆண்டில் இறந்தாள்.

மகளின் பெயரைக் கவனித்தீர்களா? கெல்லாக் என்பது ஐரிஷ் பெயர். ஒரு மகன் ஒலாவ். அது வடபுலத்துப் பெயர். களத்தில் மாண்ட சகோதரனின் பெயர் டுவ்கல். அது ஐரிஷ் மொழியில் கரிய அந்நியன் என்று பொருள்படும். அந்நியனையே அந்நியன் என்று உள்ளூர் மொழியால் பெயரிட்டு அழைக்கும் குடும்பம்! அந்த வீட்டில் எந்த மொழியில் பேசியிருப்பார்கள்? தாயிடம் ஒன்று, தந்தையிடம் ஒன்று, சந்தையில் இரண்டும் கலந்து என்று நாம் ஊகிக்கலாம். உங்களில் பலருக்கு இந்த ஊகம் கடினமாக இராது. ஒரு சில தலைமுறைகளில் டப்ளின் வைக்கிங்கர் அயலாரைப் போலன்றி, இரு மொழியும் இரு மரபும் உடைய தனி மக்களாயினர். 1170இல் இங்கிலாந்திலிருந்து வந்த நோர்மானியர் நகரைக் கைப்பற்றிய பின்னர் இவர்கள் ஆற்றின் வடகரையில் குடியேறினர். அப்பகுதிக்கு இன்றுவரை ஒக்ஸ்மன்ரவுன், அதாவது கிழக்கத்தியர் ஊர் என்று பெயர். அவர்கள் பேசிய வடபுலத்து மொழியோ டப்ளினில் பேசுவாரின்றி மறைந்தது.

மறைந்த மொழி சில சொற்களை விட்டுச் சென்றது. சந்தையைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லும், படகின் சுக்கானைக் குறிக்கும் சொல்லும், பியரைக் குறிக்கும் சொல்லும் அவர்களுடையவை. சாளரத்தைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லும் அவ்வாறே. அதன் மூலம் ‘விந்தவுகா’, காற்றுக்கண் என்று பொருள். ஆங்கிலத்தில் நீங்கள் சொல்லும் ‘விண்டோ’வும் அதே சொல்லே. (நம் பழந்தமிழில் சாளரத்துக்குக் காலதர் என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வெவ்வேறு திசையில் இருந்தவர்கள் ஒன்றையே பார்த்திருக்கிறார்கள்.) டப்ளினை அடுத்த ஹௌத் முனையின் பெயர் வடபுல மொழியில் தலை, லீக்ஸ்லிப் ஊரின் பெயர் சமன் மீனின் பாய்ச்சல். உங்கள் வகுப்பில் டொயில் என்ற குடும்பப்பெயருடைய பிள்ளை இருந்தால், அதுவும் அந்தக் கரிய அந்நியனே. மக்கோலிஃப் என்பது ஒலாவின் மகன்.

சிற்றிக்கின் நகரை மீண்டும் கண்ணால் காணும் வாய்ப்பு 1970களில் வந்தது. டப்ளின் மாநகரசபை தன் அலுவலகங்களைக் கட்டவிருந்த வூட் கீ என்ற ஆற்றங்கரை நிலத்தில், பேராலயத்தின் அடிவாரத்திலேயே, அகழ்வாராய்ச்சியாளர் தோண்டினர். ஈரமண் அனைத்தையும் அழுகாமல் காத்திருந்தது. பின்னிய கம்புச் சுவர்களும் நடுவே அடுப்பும் கொண்ட சிறு வீடுகள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பலமுறை எழுப்பப்பட்டும் தலைமுறை தலைமுறையாக நகராத காணி எல்லைகள். தோற்செருப்புகள், மான்கொம்புச் சீப்புகள், தொலைநாட்டுப் பட்டுத்துணி. சிறுவன் ஒருவன் விளையாடிய மரத்தாலான பொம்மைக் கப்பலும் கிடைத்தது. அந்த நிலத்தைக் காக்கக் கோரி 1978 செப்டெம்பரில் ஏறத்தாழ 20,000 பேர் ஊர்வலம் சென்றனர். ஆயினும் அலுவலகங்கள் கட்டப்பட்டன.

இன்னொரு சான்று டென்மார்க்கில் கிடைத்தது. ரொஸ்கில்ட நகரத்துக் கடல் நுழைகுடாவில், எதிரிக் கப்பல்களைத் தடுப்பதற்காகப் பண்டைக்காலத்தில் மூழ்கடிக்கப்பட்ட ஐந்து கப்பல்களை 1962இல் வெளியே எடுத்தனர். அவற்றுள் ஒன்று 30 மீற்றர் நீளமான போர்க்கப்பல். அறுபது பேர் துடுப்பு வலிக்கக்கூடியது. அதன் ஓக் மரத்தின் வளையங்களை எண்ணி ஒப்பிட்டபோது, மரம் டப்ளின் பக்கத்துக் காட்டில் வெட்டப்பட்டது என்றும் கப்பல் 1042ஆம் ஆண்டில் கட்டப்பட்டது என்றும் தெரிந்தது. சிற்றிக் அந்நிய நாட்டில் இறந்த அதே ஆண்டு, அவனுடைய நகரின் தச்சர்கள் இத்தகைய கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தனர். டென்மார்க்கினர் பழைய முறைப்படியே அதனைப் போல் ஒன்று செய்து, 2007ஆம் ஆண்டில் பாயும் துடுப்புமாக டப்ளினுக்கு ஓட்டி வந்தனர். மறு ஆண்டு திரும்பச் சென்று சேர்ந்தனர்.

வூட் கீயில் கிடைத்தவை டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ளன. கில்டேர் வீதியிலுள்ள அந்த அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. விடுமுறையில் அந்நகருக்குச் செல்லும் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். சிற்றிக்கின் காசு ஒன்றைக் கண்டால் பிள்ளையிடமே படிக்கக் கொடுங்கள். எழுத்துக்கள் கோணலாக இருக்கும், சில தலைகீழாகவும் இருக்கும். ஆங்கில அரிச்சுவடி தெரிந்த எந்தப் பிள்ளையும் அந்தப் பெயரைக் கூட்டி வாசித்துவிடும்.